ஒத்தக் காதுக்கு ஆறு ஸ்பீக்கர்

வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலைன்னு ஒரு தடவை சொல்லிட்டா போச்சு. ஊருக்குப் போற ஒவ்வொரு லீவுலயும் தெருவுல இருக்கற அத்தனை பிரிண்டரும் செல்போனும் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கும். "சிங்கப்பூர்ல இவ்ளோ வருஷமா இருக்கே, இது தெரியாதா?"ம்பாங்க. நான் எழுதறது பேங்க் சாஃப்ட்வேர்ங்க. சொன்னா யார் கேக்கறாங்க!

இந்தத் தடவை வந்த கேஸ் கொஞ்சம் வேற மாதிரி. அக்கா பையன் அவனோட கேமிங் கம்ப்யூட்டருக்கு சரவுண்ட் சவுண்ட் போட்டுத் தரச் சொன்னான். இதுல என்ன விசேஷம்னு கேக்கறீங்களா? கேட்டவனுக்கு இடது காது சுத்தமா கேக்காது.

ஊர் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தோட தென்மேற்கு மூலை. குப்பம் தாண்டி பெங்களூர் போற ரயில் பாதையில சின்ன ஸ்டேஷன். தமிழ்நாடு எல்லையும் பக்கம், கர்நாடகா எல்லையும் பக்கம். வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு, சந்தையில எதிர்ல நிக்கறவர் எதுல ஆரம்பிக்கறாரோ அது. அக்கா வீட்டுக்காரருக்கு மல்பெரி தோட்டமும் பட்டுப்புழுக் கொட்டாயும் இருக்கு. கூடு நல்ல விலைக்குப் போன ஒரு தடவை பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல ஒவ்வொரு பாகமா பொறுக்கி வாங்கி, பையன் அவனே பூட்டின கம்ப்யூட்டர் அது. வயசு பதினாறு.

ஏழு வயசுல அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துது. ரெண்டு கன்னமும் உப்பிப்போய், பாட்டியோட தங்கச் சங்கிலியைக் கழுத்துல போட்டுக்கிட்டு பத்து நாள் ராஜா மாதிரி உக்காந்திருந்தான். வீக்கம் வடிஞ்சுது. சங்கிலி பீரோவுக்குத் திரும்பிடுச்சு. காது போனது மட்டும் ஒருத்தருக்கும் தெரியலை, அவனுக்கே தெரியலை. பல மாசம் கழிச்சு, போனை இடது காதுல வெச்சுக்கிட்டு "லைன் கட்டாயிடுச்சும்மா"ன்னு திரும்பத் திரும்ப சொன்னப்பதான் அக்காவுக்கு சந்தேகம் வந்துது. பொன்னுக்கு வீங்கி அபூர்வமா உள்காதைத் தாக்கும். தாக்கினா பெரும்பாலும் ஒரு பக்கத்தோட நிறுத்திக்கும். போனது அநேகமா திரும்பாதுன்னு டாக்டர் சொன்னார். சாதாரணக் காது மெஷின் வெச்சாலும் அந்தப் பக்கம் பிரயோஜனம் இல்லைன்னுட்டார்.

ஒரு காது நல்லா இருந்தா படிப்பு, பேச்சு எல்லாம் பெரிசா கெடாதுன்னு நாங்களும் மனசைத் தேத்திக்கிட்டோம். அவனும் வகுப்புல இடது ஓரத்துல உக்காந்து சமாளிச்சுக்கிட்டான். பிரச்சினை வந்தது விளையாட்டுல. கூட்டாளிங்க நாலு பேரோட இன்டர்நெட்டுல துப்பாக்கிச் சண்டை ஆட்டம். எதிராளி காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு கேட்டுத்தான் அதுல உயிர் பிழைக்கணும். இவன் எப்பவும் இடது பக்கத்துல இருந்து அடிபட்டு முதல் ஆளா சாவான். "செவிட்டு நாயே"ன்னு ஒருத்தன் மைக்குல கத்தினானாம். அதுல இருந்து ரெண்டு மாசமா கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வெச்சிருந்தான். அக்கா "படிப்புக்கு நல்லதுதான்"னு சொன்னாலும் அவ முகத்துல சந்தோஷம் இல்லை.

சரி, ஒத்தக் காதுக்கு சரவுண்ட் சவுண்ட் எதுக்கு? இதுக்குப் பதில் சொல்லணும்னா நமக்கு ரெண்டு காது எதுக்குன்னு முதல்ல பாக்கணும்.

சத்தம் காத்துல ஒரு மில்லி செகண்டுக்கு சுமார் 34 செ.மீ. போகும். வலது பக்கம் நாய் குரைச்சா அது வலது காதை முதல்ல தொட்டு, தலையைச் சுத்திக்கிட்டு இடது காதுக்கு வரும். அந்தத் தாமதம் அதிகபட்சமே 0.6, 0.7 மில்லி செகண்ட்தான். அந்தத் துளி வித்தியாசத்தை வெச்சு மூளை திசையைக் கண்டுபிடிக்குது. அதோட, கீச்சுக் குரல் மாதிரி மேல்ஸ்தாயி சத்தத்தை நம்ம தலை மறைக்கறதால தூரக் காதுல அது கம்மியா விழும். இந்த ரெண்டு கணக்கையும் 1907ல எழுதி வெச்சவர் லார்ட் ராலே. மூணாவதா ஒண்ணு இருக்கு. காது மடலோட மேடு பள்ளம். முன்னாடி வர்ற சத்தமும் பின்னாடி வர்ற சத்தமும் மடல்ல பட்டு வேற வேற சாயல்ல உள்ள போகும்.

முதல் ரெண்டுக்கும் ஜோடிக் காது வேணும். மூணாவது ஒத்தக் காதுக்கும் உண்டு. இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

இப்ப அவன்கிட்ட இருந்த ஹெட்போனைப் பாப்போம். டப்பா மேல பெரிய எழுத்துல 7.1னு போட்டிருந்துது. உள்ள இருக்கறது காதுக்கு ஒண்ணா ரெண்டே ஸ்பீக்கர்தான். மத்ததெல்லாம் கணக்கு. இடது காதுக்கு இவ்வளவு தாமதம், வலது காதுக்கு இவ்வளவு சத்தம்னு போலியா செஞ்சு மூளையை நம்ப வைக்கற வித்தை. விண்டோஸ்ல 2017ல இருந்து கூடவே வர்ற விண்டோஸ் சோனிக், ஹெட்போனுக்கான டால்பி அட்மாஸ் எல்லாம் இதே ஜாதி. ரெண்டு காது இருக்கறவங்களுக்கு அருமையா வேலை செய்யும். இவனுக்கு? இடது பக்கத்துல போறது எல்லாம் கிணத்துல போட்ட கல்லு. எதிராளி இடது பக்கம் நடந்து வந்தா பாதி சத்தம் இவனை வந்து சேரவே சேராது.

அதுக்கு ஒரு முதலுதவி இருக்கு. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, ஆடியோன்னு போனா 'மோனோ ஆடியோ'ன்னு ஒரு சுவிட்ச். ஆண்ட்ராய்டு போன், ஐபோன்லயும் அக்சஸிபிலிட்டிக்குள்ள இருக்கு. அதைப் போட்டா இடது வலது ரெண்டும் கலந்து ரெண்டு பக்கமும் ஒரே சத்தமா வரும். பாட்டுக் கேக்க, பாடம் கேக்க இது போதும். இத்தனை வருஷம் பழைய பாட்டுல பாதி வாத்தியம் கேக்காமலே கேட்டுக்கிட்டு இருந்திருக்கான் பாவம். சுவிட்சைப் போட்டதும் ஒரு பாட்டை மூணு தடவை போட்டுக் கேட்டான்.

ஆனா ஆட்டத்துக்கு மோனோ உதவாது. ஆள் வர்றது தெரியும், எங்கேன்னு தெரியாது. "மாமா, எல்லாரும் பின்னாடி பாருடான்னு கத்தறாங்க. எனக்கு எல்லாமே ஒரே இடத்துல இருந்து வருது"ன்னான்.

அங்கதான் நிஜ ஸ்பீக்கர் வருது. ஆறு பெட்டியை அறையில சுத்தி வெச்சா, இடது ஸ்பீக்கர் சத்தமும் காத்து வழியா வலது காதுக்கு வந்துடும். கொஞ்சம் மங்கலா வரும், ஆனா வரும். பின்னாடி ஸ்பீக்கர் நிஜமாவே பின்னாடி இருக்கறதால காது மடல் தன் வேலையைச் செய்யும். எல்லாத்துக்கும் மேல, தலையைத் திருப்பலாம். ஹெட்போன் போட்டா தலையோட சேந்து உலகமும் திரும்பும். ஸ்பீக்கர்னா நாம திரும்பினாலும் சத்தம் இருந்த இடத்துலயே நிக்கும். எந்தப் பக்கம் திரும்பினா சத்தம் கூடுதோ அதுதான் திசை.

எஸ்.பி. ரோட்டுக்கு ரயிலேறிப் போய் ஒரு சாதாரண 5.1 செட் வாங்கி வந்தோம். 5.1ங்கறது முன்னாடி இடது, வலது, நடு, பின்னாடி இடது, வலதுன்னு அஞ்சு. புள்ளிக்கு அப்புறம் வர்ற 1, தடதடன்னு அடிக்கற சப்வூஃபர். சினிமா கொட்டகையில 1979ல 'அபோகலிப்ஸ் நௌ' 70 எம்.எம். பிரிண்டுல இந்த அமைப்பு வந்தாச்சு. நம்ம பக்கம் 1995ல 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவுல வந்துது, 1996ல 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸுல வந்துது. அதுக்கப்புறம் சுவரொட்டியில ஹீரோ பேருக்குப் பக்கத்துல டி.டி.எஸ்.னு போடாத கொட்டகை உண்டா?

கம்ப்யூட்டருக்குள்ள இந்தச் சத்தம் வந்த கதையில நான் இப்ப இருக்கற ஊருக்கும் பங்கு உண்டு. சிம் வோங் ஹூ 1981ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்ச கிரியேட்டிவ் கம்பெனி 1989ல சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்துது. 1998ல வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ், முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டுன்னு ஆட்டத்தோட சத்தத்தைப் பிரிச்சுப் போட்டுது. 2007ல கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஆட்டங்கள் நேரடியா சவுண்ட் கார்டு சிப்போட பேசற வழியை அடைச்சுடுச்சு. அதுக்கப்புறம் தனி அட்டையோட மவுசு குறைஞ்சுது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில காலமானார். இன்னைக்குப் பல மதர்போர்டுல 5.1 கூடவே வருது. பையனோடதுலயும் இருந்துது. தனிக் கார்டு வாங்கற செலவு மிச்சம்.

இனி செய்முறை. வீட்ல யாராவது செய்யறதா இருந்தா உதவும்.

ஒயர்: மதர்போர்டு பின்னாடி அஞ்சு ஓட்டை இருந்தா பச்சை முன் ஸ்பீக்கருக்கு, கருப்பு பின் ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும். மூணே ஓட்டைன்னா பல போர்டுல நீலம் பின்னுக்கும், ரோஸ் நடுவுக்கும் மாறிக்கும். மைக்கை கேபினெட் முன்னாடி செருகணும். ஆப்டிகல் ஒயர் போட்டா ஒரே ஒயர்ல முடிஞ்சுடுமேன்னு ஆசை வரும். அந்த ஒயர் சுருக்காத சத்தத்தை ரெண்டு சானல்தான் தூக்கும். சினிமாவுக்கு ஏற்கனவே சுருக்கி வெச்ச டால்பி இருக்கறதால 5.1 வரும். ஆட்டத்துக்கு, உடனுக்குடன் டால்பியாவோ டி.டி.எஸ்.ஸாவோ சுருக்கித் தர்ற வசதி போர்டுல இருந்தாதான் வரும். அதனால மூணு கலர் ஒயரே உத்தமம்.

இடம்: முன் ரெண்டும் நடுக்கோட்டுல இருந்து ஆளுக்கு 30 டிகிரி, பின் ரெண்டும் 100ல இருந்து 120 டிகிரிக்குள்ள, எல்லாம் காதுக்கு சம தூரத்துல. உலகத் தரம் இதுதான். பையனோட ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருந்து பாகைமானி, அக்காவோட கோலமாவு, ஒரு நூல். நாற்காலி இருக்கற இடத்துல ஆணி அடிச்ச மாதிரி விரலை வெச்சு வட்டம் போட்டுக் குறிச்சோம். அக்கா வந்து பாத்துட்டு, "என்னடா தம்பி, பில்லி சூனியமா வைக்கறீங்க?"ன்னா.

விண்டோஸ்: சவுண்ட் பேனல்ல பிளேபேக், கான்ஃபிகர், 5.1 தேர்ந்தெடுத்து ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணுங்க. நடு ஸ்பீக்கர் பேச வேண்டிய நேரத்துல சப்வூஃபர் முனகினா, டிரைவர்ல ரெண்டையும் மாத்திப்போடற தேர்வு இருக்கான்னு பாருங்க. சின்ன ஸ்பீக்கர்னா 'ஃபுல் ரேஞ்ச்' டிக்கை எடுத்துடுங்க. விண்டோஸ் சோனிக் மாதிரி ஹெட்போன் வித்தை எல்லாத்தையும் அணைச்சுடுங்க. ஆட்டத்துக்குள்ளயும் ஹெட்போன்னு இருந்தா ஸ்பீக்கர்னு மாத்துங்க. 'ஹாஃப்-லைஃப் 2'ல 2004லயே 5.1னு தனித் தேர்வு இருந்துது. இப்ப நிறைய ஆட்டம் விண்டோஸ் சொல்றதை அப்படியே எடுத்துக்கும். சிலது ரெண்டு சானலோட நிறுத்திக்கும். வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கறது நல்லது.

அறை: இதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. கல்பலகைக் கூரை, சிமெண்ட் தரை, சுண்ணாம்பு சுவர். கை தட்டினா கோயில் மண்டபம் மாதிரி திருப்பிக் கொடுக்குது. ரெண்டு காது இருக்கறவங்களுக்கு மூளை எதிரொலியை ஓரளவு ஒதுக்கித் தள்ளிடும். ஒத்தக் காதுக்கு அந்த வசதி கம்மி. எல்லாம் ஒரே குழம்பா விழும். அதனால இவன் அறையில நம்ம அறையை விட அதிகமா சத்தத்தை உறிஞ்ச வைக்கணும். பழைய பஞ்சு மெத்தையைப் பின்சுவர்ல சாத்தினோம். கொட்டாயில இருந்து கோணிப்பை கொண்டுவந்து நாலா மடிச்சு ரெண்டு பக்கமும் தொங்கவிட்டோம். தரையில ஜமக்காளம். இப்ப கை தட்டினா தட்டின சத்தம் மட்டும்தான்.

இடது பக்கம்: முன்னும் பின்னும் இடது ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வெச்சோம், அவன் கண்ணை மூடிக்கிட்டு "சரி"ன்னு சொல்ற வரைக்கும். தலை மறைக்கறது முழுசா இதுல சரியாகாது. ஆனா இடது பக்கம் காலியா இருக்கற உணர்வு போயிடுச்சு.

மைக்: ஸ்பீக்கர் சத்தம் மைக்குல போய் கூட்டாளிங்க காதுல எதிரொலிக்கும். சட்டையில குத்தற சின்ன மைக் வாயோரம் வெச்சு, பட்டனை அழுத்தினா மட்டும் பேசற மாதிரி பண்ணியாச்சு.

அப்புறம் ஒண்ணு, எல்லாத்தையும் விட முக்கியமானது. அவனுக்கு இருக்கறது ஒரே காது. வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபல் வரைக்கும்தான் பெரியவங்களுக்கே பத்திரம், குழந்தைங்களுக்கு 75னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 3 டெசிபல் கூட்டினா பத்திரமான நேரம் பாதியாயிடும். ஹெட்போன்ல அவன் எவ்வளவு வெச்சுக் கேட்டான்னு பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கூட தெரியாது. ஸ்பீக்கர்ல கூட்டினா சமையல்கட்டுல இருந்து அக்கா குரல் வரும். அதை விடப் பெரிய பாதுகாப்புக் கருவி எங்கயும் கிடையாது. வால்யூம் திருகுல நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டிருக்கோம். அதைத் தாண்டக் கூடாது.

எல்லாம் முடிஞ்ச ராத்திரி மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், எட்டிப் பாத்தார். காடும் மழையும் வர்ற ஒரு ஆட்டத்தை ஓட்டிக்கிட்டு இருந்தான் பையன். அவர் கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, "கொட்டாயில புழு இலை தின்னற மாதிரி இருக்குதுரா"ன்னார். கடைசித் தோல் உரிச்ச புழுக்கள் ஆயிரக்கணக்குல மல்பெரி இலையைத் தின்னும்போது நாலு பக்கமும் மழை பெய்யற மாதிரிதான் கேக்கும். அவருக்குத் தெரிஞ்ச சரவுண்ட் சவுண்ட் அது.

அவர் கவலை எனக்குத் தெரியும். எங்க பக்கம் கௌண்டின்யா காட்டுல இருந்து யானை இறங்கும். ராத்திரி காவலுக்கு மத்த வீட்டுப் பசங்க அப்பனோட போவாங்க. இவர் மகனைக் கூட்டிக்கிட்டுப் போனதே இல்லை. கிளை முறியற சத்தம் எந்தப் பக்கம்னு தெரியாதவனை இருட்டுல நிறுத்த எந்த அப்பனுக்கு மனசு வரும்? அதை வெளியில சொன்னதும் இல்லை. "படிக்கட்டும்"னு மட்டும் சொல்வார்.

நான் சிங்கப்பூர் திரும்பி மூணு மாசம் ஆச்சு. பையன் மறுபடி ஆடறான். இப்பவும் இடது பக்கத்துல இருந்துதான் அதிகம் சாகறானாம், ஆனா முதல் ஆளா இல்லையாம். முன், பின் நல்லா பிடிபடுதுன்னான். "சத்தம் வந்தா தலையை லேசா ஒரு தடவை திருப்புவேன் மாமா, அதுக்குள்ள தெரிஞ்சுடும்." அறை ஒண்ணே, ஸ்பீக்கர் இடமும் மாறாததால பழக்கம் சீக்கிரம் வந்திருக்கணும். அது எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் அறை வேற, காடு வேற.

போன வாரம் அக்கா போன்ல வேற ஒண்ணு சொன்னா. குப்பம் பஸ் ஸ்டாண்டுல ரோட்டைக் கடக்கறப்ப முன்னெல்லாம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டே வருவானாம். இப்ப நின்னு, முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி, "பஸ் பின்னாடி வருதும்மா, இரு"ன்னானாம். உண்மையாவே பின்னாடி வந்துதாம்.

கடைசியா, தூரத்துல இருக்கற நம்ம குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க பிள்ளை எப்பவும் ஒரே காதுலதான் போன் வைக்குதா? கூப்பிட்டா வேற பக்கம் திரும்பித் தேடுதா? சந்தடியான இடத்துல மட்டும் "என்ன, என்ன"ன்னு கேக்குதா? கவனக் குறைவுன்னு திட்டறதுக்கு முன்னாடி ரெண்டு காதையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அரை மணி நேர வேலைதான். பையனுக்கு அது ஏழு வயசுலயே நடந்திருந்தா, போனதைத் திரும்பக் கொண்டுவந்திருக்க முடியாது. ஆனா வகுப்புல எங்க உக்காரணும்னு அவனே தனியாக் கண்டுபிடிக்க வேண்டி இருந்திருக்காது.